வண்டி நுழையாத வாசல்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருந்தேன். 'அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தபோது' என்று எழுதுவதற்குள் டுர்ர்ர் என்று ஒரு பைக் புல்வெளியைக் கிழித்துக்கொண்டு போனது. மேடுபள்ளத்தில் ஓட்டவென்றே செய்த வண்டி. பூச்செடி, நடைபாதை, நான் எல்லாம் அதற்கு ஒன்றுதான். சட்டையெல்லாம் சேறு. அவள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, இவன்களைக் கதையில் வைத்துத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு வேறு என்ன அதிகாரம் இருக்கிறது?

2

முதல் ஆரம்பம்: 'அந்திச் சூரியன் மரக்கிளைகளுக்கு இடையே' ... வேண்டாம். சூரியன் தன் வேலையைப் பார்க்கட்டும்.

இரண்டாவது ஆரம்பம்: பூங்கா மேற்பார்வையாளருக்கு ஒரு அக்கா. (தம்பிக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாதவர். சீ, இது ரொம்ப ஓவர். அடித்துவிட்டேன்.) அக்காவுக்குச் சக்கர நாற்காலி. வீட்டிலிருந்தபடி ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனிக்காக நாள் முழுக்க போனில் அடுத்தவர் புகாரைக் கேட்பது வேலை. சாயங்காலம் பூங்காவின் குளத்தங்கரைக்குப் போனால்தான் அவருக்கு மூச்சே வரும். போன வாரம் ஒரு பைக் உரசியதில் நாற்காலியின் கால்பலகை வளைந்துவிட்டது.

"இனிமே ஒரு பைக்கும் உள்ள வராது, பாருக்கா."

"முதல்ல கால்பலகையை நிமித்துடா. அப்புறம் ஊரை நிமித்தலாம்."

3

பூங்காக் குழு கூடியது. (இங்கே பக்கம் பக்கமாகப் பேச்சு இருந்தது. கிழித்துப் போட்டேன், நீங்களும் கூட்டங்களுக்குப் போனவர்கள்தானே.) ஒருவர் எச்சரிக்கைப் பலகை வைக்கலாம் என்றார். போன தடவை வைத்த பலகையைச் சாய்த்துப் போட்டு, அதில் ஏறித்தான் வண்டிகள் தாவுகின்றன என்றார் மேற்பார்வையாளர். கடைசியில் அவர் சொன்னதே முடிவானது: ஆள் மட்டும் உடம்பை ஒடுக்கி, இரண்டு முறை திரும்பி நுழையும்படி வாசலில் இரும்புத் தடுப்பு. பக்கத்துப் பெரிய கேட்டைப் பூட்டிக் குழுத் தலைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ரிப்பன் வெட்டினார்கள். அதன்பிறகு அந்த வாசல் வழியாக ஒரு வண்டிகூட நுழையவில்லை.*

* பைக்குகள் எப்போதுமே பின்பக்க வேலியிலிருந்த ஓட்டை வழியாகத்தான் வந்தன. குழுவில் யாரும் பின்பக்கம் போனதில்லை.

4

நீங்கள் முன்னமே கவனித்திருப்பீர்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை. அனுதாபத்துக்காக நான் கொடுத்த சக்கர நாற்காலி, நான் வைத்த தடுப்புக்குள் நுழையாது. மேற்பார்வையாளருக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்கா கம்பியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், நாற்காலியைத் திருப்பினார். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம். தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தலைவருக்குப் போன் போட்டார்.

"சாவியா? அடுத்த கூட்டத்துல பேசுவோம். இப்பத்தானே ரிப்பன் வெட்டினோம்?"

5

மறுநாள் சாயங்காலம் பார்த்தால், குளத்தங்கரையில் அக்கா! பக்கத்தில் பைக் ஆசாமி, ஹெல்மெட்டைக் கழற்றிப் பாதி வழுக்கையோடு. (வழுக்கை நான் வைத்தது. சட்டைச் சேற்றுக்குப் பழி.)

"எப்படிக்கா உள்ள வந்தே?"

"பின்னாடி ஓட்டை இருக்காம். இவரும் இவர் கூட்டாளியும் நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. கால்பலகையைக்கூட நிமித்திக் குடுத்துட்டார்."

"அதை வளைச்சதே இவன்தானேக்கா!"

"தெரியும். நல்லாத் திட்டினேன், வாங்கிக்கிட்டார். உன் கம்பியைத் திட்டினா அதுக்குக் கேக்குமா?"

"சார், அந்த ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க," என்றான் ஆசாமி. அக்காவுக்காகக் கேட்டானா தனக்காகவா, எனக்கே தெரியவில்லை. அடுத்த நிமிஷம் டுர்ர்ர். நடைபாதையில் போனவர்கள் பதறி விலகினார்கள்.

6

முடிவு ஒன்று: ஓட்டை அடைபடுகிறது. பூங்கா அமைதியாகிறது. என் காதல் கதையில் அவள் ஒருவழியாகத் திரும்பிப் பார்க்கிறாள். அக்கா வீட்டிலேயே இருக்கிறார்.

முடிவு இரண்டு: ஓட்டை இருக்கிறது. ஒருநாள் வண்டி கால்பலகையோடு நிற்காமல் ... இதை நான் எழுதமாட்டேன்.

முடிவு மூன்று: குழு கூடித் தன் தப்பை ஒப்புக்கொண்டு தடுப்பை எடுக்கிறது. மாயாஜாலக் கதை எனக்கு வராது.

மேற்பார்வையாளர் கம்பிச் சுருளும் குறடுமாக வேலியோரம் நிற்கிறார். "எழுதுறது நீங்கதானே சார், ஏதாவது பண்ணுங்க," என்கிறார். எனக்குக் கை வரவில்லை. இரண்டையும் வாங்கி உங்களிடம் கொடுக்கிறேன். அடைப்பதானால் சீக்கிரம் அடையுங்கள், இருட்டப் போகிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அக்கா இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.