செவ்வாய்க்கிழமைச் சேலை

பழுப்பு, தாளில் ஒட்டிக் கிடக்கும் பூ முழுக்கப் பழுப்பு, நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தான்சானியா மலையில் அருமைநாயகம் பறித்தபோது என்ன நிறமோ, காய்ந்துவிட்டால் எல்லாப் பூவும் ஒரே சாதி என்று அவரே சொல்வார், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, அம்பு வடிவ இலை, காம்பின் இருபுறமும் மெல்லிய இறகு, பூவின் அடியைப் பொத்திப் பிடித்த இரண்டு செதில், எதையோ சுற்றிச் சுற்றி ஏறிய தண்டு, கல்லூரியில் தாவரத் தாள்களைப் பார்த்துக்கொள்ளும் மெல்பா பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுச் சொல்கிறாள், மஞ்சள்னா ஏற்கெனவே பேருள்ள கொடிம்மா, நீலம்னா இதுவரைக்கும் யாரும் எழுதாதது, சார் பேரையே வைக்கலாம், ஆனா நிறத்துக்கு நேரா சார் என்னமோ எழுதி வச்சிருக்காங்க, நீங்களே பாருங்க.

கணவர் போனபின் ஞானசெல்வி அந்தக் குறிப்பேட்டைத் திறந்ததே இல்லை, பென்சில் எழுத்து, பூவின் நிறம்: இன்று ஞானம் உடுத்தியிருக்கும் சேலை, செவ்வாய். வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார் பாவி மனுஷன், வரும்போதே காய்ச்சலோடு வந்தார், எட்டாம் நாள் இல்லை.

அந்தச் செவ்வாய் நினைவில்லாமல் என்ன, மலையடிவாரத்து வீடு, வாழைக்காய்க் குழம்பு அடிப்பிடித்த வாடை, வாசலில் அவர் பூட்ஸ் கயிறு கட்டுகிறார், இவள் வாய் சும்மா இருக்கிறதா, உங்களுக்குக் கொடியையும் செடியையும் பாக்கத்தான் கண்ணு, கெட்டுனவளப் பாக்கத் தெரியுமா, நான் இன்னைக்கு என்ன சேலை கெட்டியிருக்கேன், திரும்பாமச் சொல்லுங்க பாப்போம், அவர் திரும்பவில்லை, சொல்லவும் இல்லை, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார், தெரியாமல் மழுப்புகிற சிரிப்பு என்றே இத்தனை வருஷமும் வைத்திருந்தாளே, பார்த்திருக்கிறார், மலை ஏறியும் மறக்காத அளவுக்குப் பார்த்திருக்கிறார். ஊரிலிருந்து தான்சானியாவுக்குக் கொண்டுபோன ஆறு சேலையில் மஞ்சளும் இருந்தது, நீலமும் இருந்தது, நீலம்னு போட்ருவோமாம்மா, யாரு வந்து கேக்கப் போறா என்கிறாள் மெல்பா, ஆசையாகத்தான் இருக்கிறது, ஒரு சொல் போதும், அவர் பேர் அந்தக் கொடியோடு நிலைத்துவிடும், இரும்மா என்று கண்ணை மூடுகிறாள், வாசல் வருகிறது, பூட்ஸ் வருகிறது, இடுப்பில் செருகிய முந்தானை வருகிறது, பார்க்கத் தெரியாதவர் என்று அவரை ஏசியவள் தன்னைத்தானே குனிந்து குனிந்து பார்க்கிறாள், தெரியலைன்னே எழுதிரும்மா, பாத்தது அவுக மட்டுந்தான், மூடிய கண்ணுக்குள் அவள் உடுத்தியிருக்கும் சேலை முழுக்கப் பழுப்பு.