வலி இடம் மாறுமா?

…நொண்டுவது காலில், காலைப் பார்க்கச் சொன்னால் இந்த டாக்டரம்மா எதற்காக நெஞ்சிலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார் என்று மகளுக்குப் புரியவில்லை, முதலில் முன்னங்கால், போன வாரம் பின்னங்கால், வலி இடம் மாறுமா என்ன, நாய் நடிக்கிறது என்றுதான் நினைத்தாள், குண்டன் நடிக்கக்கூடியவன்தான், குளிக்கக் கூப்பிட்டால் செத்தவன் மாதிரி படுத்துக்கொள்வான்… அப்பா மட்டும் லேசுப்பட்டவரா, “குண்டன் சாப்பிடலம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்” என்று போன் வரும், போட்டது போட்டபடி ஓடி வந்தால் குண்டன் வாசலில் வாலாட்டுவான், அப்பாதான் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவையும் அதே கதைதான் என்று, வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் யாருக்கோ பிரேம் மாட்டிவிட்டுக்கொண்டே, “வர்றேன்ப்பா, வர்றேன்” என்று நாளைத் தள்ளினாள்… தள்ளாமல் வந்திருந்தால்?

“கிருமி ரத்தத்துல கலந்து இதய வால்வுல போய் உக்காந்திருக்கு. காய்ச்சல், கால் வலி எல்லாம் அதனாலதான்” என்றார் டாக்டர். எங்கிருந்து வந்தது, ஆடுகிற பல்லா, பாதத்தில் ஆறாத புண்ணா, சொல்ல முடியாதாம். அட்மிட் செய்து மருந்து ஏற்றலாம், பிழைப்பானா, அதுவும் சொல்ல முடியாதாம். நெஞ்சில் இருப்பது காலில் வலிக்கிறது, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாரே அப்பா இத்தனை நாளும், அது தப்பா, தப்பில்லையா, யாரைக் கேட்பது…

“ஏத்துங்க டாக்டர்” என்றாள், குரல் யாருடையதோ போல இருந்தது.

“மாடிப்படி ஏறுறப்ப இவன் எப்படி?” என்று பக்கத்தில் நின்ற அப்பாவிடம் கேட்டார் டாக்டர்.

“பாதியிலயே நின்னுடுவோம்மா. கொஞ்சம் உக்காந்து, மூச்சு வாங்கிட்டு, அப்புறம் ஏறுவோம்.”

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நின்னுடுவோம்… ஏறுவோம்… குண்டனுக்குத் துணையாகத்தானே அப்பா நிற்கிறார், வேறென்ன, அவனை விட்டுவிட்டு அவர் மட்டும் எப்படி ஏறுவார், அப்படித்தானே… உதவியாளர் குண்டனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், அவன் திரும்பிப் பார்த்தான், கதவு மூடிக்கொண்டது. வெளியே வந்தார்கள், தெருவுக்கு இறங்க நாலைந்து படிகள்தான். “வாம்மா, போகலாம்” என்று முன்னால் இறங்கிய அப்பா, பாதியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். குண்டன் கூட இல்லையே, இப்போது யாருக்காக நிற்கிறார்?