அருளப்பருக்குக் கண் திறந்த காலை

வெறும் வயிற்றோடு இருக்கும்போது இந்த மேனகாவிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. விழாக் கமிட்டித் தலைவர் தேவதாஸ் ஐயாவுக்கு அது தெரியாது.

கோயில் கோபுரப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது என் தொழில். சர்ச் வேலை எனக்கு இதுதான் முதல். பைபிளில் யோவான் என்று இருப்பவரை ரெட்டியார்பாளையத்துப் பெரியவர்கள் அருளப்பர் என்பார்கள். அவருடைய ஆள் உயரச் சிலை, கையில் புத்தகம், காலடியில் கழுகு. பத்து நாள் பார்த்துப் பார்த்துப் பூசியவள், அவருக்கும் கழுகுக்கும் கண்ணை மட்டும் விட்டு வைத்திருந்தேன். கடைசி நாள் காலையில் குளித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்துதான் நாங்கள் கண் எழுதுவோம்.

அந்தக் காலையில்தான் ஐயா வந்து பார்த்தார்.

"மொந்தியே!" பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன்காரர், கோபத்தில் 'கடவுளே' என்பதும் பிரெஞ்சில்தான். "சாயந்திரம் தேர் கெளம்புது. கண்ணில்லாத சிலையவா தூக்கிட்டுப் போறது? நீ போம்மா, வேற ஆள வச்சி முடிச்சிக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சிலைக்கு இன்னொருத்தன் கண் எழுதுவதா?

"எங்க வழக்கத்துல கண்ணு கடைசியிலதாங்க. தொறந்ததும் சாமி மொதல்ல நல்லதத்தான் பாக்கணும். கோயில்ல பசுவும் கன்னும் காட்டுவோம். இவரு மீன் புடிச்சவராமே, வலைய காட்டலாமா?"

ஐயா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வலையத்தான் அப்பவே வுட்டுட்டு ஏசு பின்னால போயிட்டாரே." குரல் இறங்கியிருந்தது. "ஏசுவ சிலுவையில அறஞ்சப்ப மத்த சீடருங்கல்லாம் ஓடிட்டாங்க. இவருதான் நின்னாரு. கண்ணால பாத்தத அப்புறம் எழுதி வச்சாரு."

"அப்படிப்பட்ட கண்ண அவசரத்துல எழுதச் சொல்றீங்களா?"

ஐயா எழுந்து பக்கத்துப் பீடத்துக்குப் போய், அங்கிருந்த சிறிய மாதா சிலையை நெஞ்சோடு தூக்கி வந்து அருளப்பருக்கு எதிரே நின்றார்.

"உயிர் போறதுக்கு முன்னால ஏசு தன் அம்மாவ இவருகிட்டதான் ஒப்படைச்சாரு. இவருதான் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயி பாத்துகிட்டாரு. எழுதும்மா."

ஸ்டூலில் ஏறி வலது கண்ணை எழுதினேன், பிறகு இடது கண்ணை. கழுகு காத்திருக்கட்டும் என்று கீழே இறங்கிப் பார்த்தேன். அருளப்பர் மாதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"இவருக்கு முடிஞ்சுதுங்க ஐயா. எறக்கி வைங்க, கை வலிக்கும்."

"இருக்கட்டும்மா," என்றார் ஐயா. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டும்."