இரண்டாம் பூசைக்குப் பிறகு மாத்திரை ஒழிப்பு

திண்டுக்கல் வாழ் இறைமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், பங்குக் கோயில் மண்டபத்தில், விலங்கியல் ஆசிரியர் திரு. ஞானதாஸ், திருச்சபை விலக்கிய கருத்தடை மாத்திரையை அடியோடு ஒழித்துக்கட்டுவார்.

1994-இல் எந்த அரசாங்கத்தாலும் ஆகாத காரியம். வாத்தியார் தயங்கவில்லை. எதிரியின் பிறப்பை அறிந்தால்தான் அழிக்கமுடியும் என்று நூலகத்திலிருந்து தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் எடுத்துவந்து, சனிக்கிழமை மத்தியானம் மனைவி ரோஸ்மேரியின் முன்னால் ஒத்திகை பார்த்தார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், "இன்னொண்ணுன்னா உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வாத்தியார் அதற்கு ஜெபமாலையைப் பரிந்துரைத்திருந்தார்.

கர்ஜனையாகத் தொடங்கிய குரல் மூன்றாம் பக்கத்தில் இறங்கியது.

"மெக்சிகோ காட்டுல கெடந்த கிழங்கு, ரோஸு. ஒத்த ஆளு தேடிப் போயி, அதுல இருந்து பொம்பள ஒடம்பு சொரக்குறதையே செஞ்சு ஜாடியில எடுத்திருக்கான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்திரைக்காக நின்ன டாக்டரு ஒருத்தரு நம்ம வேதக்காரராம். தெனமும் பூசைக்குப் போனவராம்."

பிறகு புத்தகத்தில் ஒரு தீவு வந்தது. சோதனை என்று சொல்லாமலே அங்குள்ள ஏழைப் பெண்களுக்கு மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். தலைசுற்றல், வாந்தி. அப்படியும் அந்தப் பெண்கள் கேட்டு வந்து நின்றிருக்கிறார்கள்.

ரோஸ்மேரியின் கை முறத்திலேயே நின்றுவிட்டது. கடலுக்கு அப்பால் எவளோ ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, என்ன ஆகுமென்று தெரியாமல் தண்ணீரைத் தூக்கி வாயில் ஊற்றுகிறாள்.

"ஏங்க, மொதமொதல்ல முழுங்குனவ பேரு என்ன?"

புரட்டினார். விஞ்ஞானிகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. கிழங்குக்கு லத்தீனிலேயே இருந்தது.

"அதப் போடலியே..."

"நானும் அதத்தான் முழுங்குறேன். நர்சம்மா குடுத்தாக. ரெண்டு வருசமாச்சு. நிப்பாட்டச் சொல்லுவீகளோ?"

கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவர், பதிலுக்குப் புத்தகத்தையே மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் பேசினார். கிழங்கு, ஜாடி, தீவு. கண்டனம் வரவேயில்லை. "அந்த மொதப் பொம்பள" என்றபோது, நவநாள் ஜெபம் தவறாத செபஸ்தியம்மாள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். எந்தப் பிரசங்கத்திலும் தூங்கும் அந்தோணிமுத்து விழித்திருந்தார். பங்கில் நடந்த அற்புதங்களில் இதுவும் ஒன்று.

இடையில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்த சாமியார் திரும்பிவந்து, மாத்திரையின் தீமைகளைத் தெள்ளத்தெளிவாக விளக்கியதற்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்.

சால்வையோடு வாத்தியார் மனைவியிடம் வந்தார். சுற்றும் பார்த்தார். சாசனம் வழங்குகிறவரைப்போல் குரலைத் தாழ்த்தி, "ரோஸு, நீ நிப்பாட்ட வேணாம்" என்றார்.

அன்றைக்குள்ள மாத்திரையை அவள் காலையிலேயே போட்டிருந்தாள்.