பூ மார்க்கெட்டில் இல்லாத நிறம்

பேச்சாயியின் மல்லிகை மூட்டை வத்தலக்குண்டுக்குப் போய்ச் சேர்ந்த கதையைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பேச்சாயியிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு.

நடந்தது இதுதான். அகரத்தில் பூக்கட்டி விற்கும் பேச்சாயி, சின்னக்கண்ணு, செபாஸ்தியம்மாள் மூவரும் தினமும் விடிந்ததும் மார்க்கெட்டுக்கு வந்து பூ எடுத்துக்கொண்டு, பிரிஸ்கில்லாவின் டாக்சியில் ஊர் திரும்புவார்கள். அது வெள்ளைக் கார். மார்க்கெட் வாசலில் வரிசை கட்டி நிற்கும் பதினைந்து வாடகைக் கார்களும் வெள்ளைதான். தலையில் மூட்டை ஏறிவிட்டால் அதன் முன்பக்கம் கண்ணுக்கு மேலே சரிந்து தொங்கும். நம்பராவது, போர்டாவது! தெரிவதெல்லாம் தரையும் சக்கரமும்தான். அந்தத் திங்கட்கிழமை பேச்சாயி, திறந்து கிடந்த ஏதோ ஒரு வெள்ளைக் கார் டிக்கியில் மூட்டையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். வந்து பார்த்தால் காரும் இல்லை, மல்லியும் இல்லை. அது வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன கார். யாரோ மாமன்காரன் பூ அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து, அங்கே பெண்கள் எல்லாரும் ஆசை தீரத் தலையில் வைத்துக்கொண்டு விட்டார்கள். மூன்றாம் நாள் வெறும் சாக்கு மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு தாம்பூலப் பை.

அந்தத் தாம்பூலப் பைதான் பேச்சாயியை வெறி பிடிக்க வைத்தது.

"ஏம்மா பிரிஸ்கில்லா, ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தம். அன்னிக்கு எங்க மூணு மூட்டையும் தானா உன் டிக்கிக்கு வந்து சேந்தா உன் வண்டி. இல்லைன்னா நாங்க மினிலாரில போய்க்கிறோம்."

"நான் கூப்பிடுறேன்க்கா. ஆரன் அடிக்கிறேன்."

"அம்புட்டுப் பேரு கத்துற எடத்துல நீ கூப்பிட்டு எனக்குக் கேட்டுரும் பாரு! கூப்பிடக் கூடாது, ஆரன் அடிக்கக் கூடாது. ஆமா."

பிரிஸ்கில்லா எட்டு வருஷம் நூல் மில்லில் நின்று, அந்த இரைச்சல் வேண்டாமென்று வெளியே வந்து ஓட்டக் கற்றுக்கொண்டவள். தினசரி சவாரி என்று அவளுக்கு இருந்தது இந்த மூன்று பேர்தான். அவர்களும் போய்விட்டால் மறுபடி மில் ஷிப்டுதான். அதைவிட, அகரம் வரைக்கும் காருக்குள் நடக்கும் அந்த வம்பளப்பும் சிரிப்பும் இல்லாத காலையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நேராகப் பழனி ரோட்டில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் இஷாக்கிடம் போனாள்.

"பாய், தரையப் பாத்து நடக்குறவுக கண்ணுக்கு என் வண்டி தனியாத் தெரியணும். பாடியில கைவைக்கக் கூடாது, ஆர்.சி. புக்குல மாத்தச் சொல்லுவாங்க."

இஷாக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பு வைத்திருந்தவன் ஆசைப்பட்டுப் போட்ட, இடைவெளி பெரிதாக இருக்கும் அலாய் வீல். உள்ளே பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் துருவேறித் தெரிந்தது.

"காலிப்பருக்குக் கலர் அடிச்சிருவோம் தங்கச்சி."

பிரிஸ்கில்லாவின் முகம் மலர்ந்துவிட்டது. கொடைக்கானல் போகும் பெரிய கார்களில் சிவப்புக் காலிப்பரைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள் அவள். வாடகை வண்டிக்கு இந்தப் பவுசு எதற்கு என்று தன்னைத் தானே அடக்கி வைத்திருந்தாள். இப்போது ஊரே கேட்டாலும் சொல்லக் காரணம் இருக்கிறது!

"எப்படி அடிக்கிறது பாய்?"

"மூணு வழி இருக்கு. மேல மாட்டுற பிளாஸ்டிக் மூடி, அஞ்சு நிமிச வேலை. ஆனா கல்லு தெறிச்சாக் கழண்டு போயிரும். முன்சக்கரத்துக்கு மட்டுந்தான் ஆகும். பின்னாடி உனக்குக் காலிப்பரே கிடையாது, டிரம் பிரேக்குதான். ரெண்டாவது ஸ்பிரே. சீக்கிரம் முடியும், கொஞ்சம் அசந்தாலும் டிஸ்க்குல பட்டு பிரேக்கு கெட்டுப்போகும். மூணாவது பிரஷ். சூடு தாங்குற பெயிண்டு. துருவைத் தேய்ச்சு, துடைச்சு, ரெண்டு கோட்டு அடிக்கணும். இடுப்பு ஒடியும்."

"அவுக டிக்கிப் பக்கமாத்தான வருவாக. பின்னாடியும் தெரியணும். பிரஷ்ஷுல டிரம்முக்கும் அடிக்கலாம்ல?"

"அடிக்கலாம்."

"அப்ப இடுப்பு ஒடியட்டும்."

வழி முடிவானது. நிறம் முடிவாக வேண்டுமே. அங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். பூக்காரிகளிடமே யோசனை கேட்டாள். சின்னக்கண்ணு கோழிக்கொண்டைச் சிவப்பு என்றாள். செபாஸ்தியம்மாள் கனகாம்பரம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பேச்சாயி, "செவ்வந்தி மஞ்சள அடி. ராத்திரில கூடத் தெரியும்" என்றாள். பேச்சாயி சொன்னால் அப்பீல் ஏது? வியாழக்கிழமை முழுக்கத் தரையில் படுத்துத் தேய்த்து, நான்கு சக்கரத்துக்குள்ளும் மஞ்சள் பூசினாள். அப்படியொரு மினுமினுப்பு! வருகிற போகிற ஆட்டோக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை. மூன்று மூட்டைகள் வரிசையாக வந்தன. மூன்றும் அவள் காரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போயின. பேச்சாயி இந்தமுறை ஒரு மீன் வண்டிக்குள் மூட்டையை இறக்கப் பார்த்தாள்.

"இம்புட்டு மஞ்சளு அடிச்சிருக்கேனே, கண்ணு தெரியலையாக்கா?"

"எங்கடி அடிச்ச? காட்டு!"

பிரிஸ்கில்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த கோபத்தில், "குடுங்க அந்த மூட்டைய" என்று வாங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். ஈரச் சாக்கு கண்ணை மறைத்தது. கழுத்து உள்ளே இறங்கியது. அப்படியே குனிந்த தலையோடு வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தரை முழுக்கச் செவ்வந்தி மிதிபட்டுக் கிடந்தது. பதினைந்து காரின் சக்கரங்களிலும் அதே மஞ்சள் அப்பியிருந்தது. நடுநடுவே ரோஜா, கோழிக்கொண்டை, கனகாம்பரம், துளசி, மல்லி. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை எல்லாமே காலடியில் இருந்தன. அவள் தன் சொந்தக் காரையே தாண்டிப் போய், ஒரு பால் வண்டியில் முட்டிக்கொண்டு நின்றாள்.

பேச்சாயி விழுந்து விழுந்து சிரித்தாள். பிரிஸ்கில்லாவும் சிரித்தாள், ஆனால் அவளுடைய சிரிப்புக்குக் காரணம் வேறு. தரையில் இல்லாத நிறம் ஒன்றே ஒன்றுதான் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, நீலம் அடிக்கப் போறேன்!"

"நீலமா? நீலத்துல எவ பூ விக்கிறா? எவ வாங்குறா?"

"அதுக்குத்தான்க்கா!"

பேச்சாயி குனிந்து தரையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நீலம் மட்டும் எங்கும் இல்லை.

இஷாக் ஜும்மா தொழுகை முடித்து வந்து கடையைத் திறந்தார். மஞ்சளைச் சுரண்டி எடுக்கும்போது, "நேத்துத்தானம்மா கட்டிக் கொஞ்சிக்கிட்டு இருந்த" என்று கேலி செய்தார். இருட்டுவதற்குள் நான்கு சக்கரத்துக்குள்ளும் பளிச்சென்று நீலம் ஏறியது. சனிக்கிழமை முழுக்கக் காரை எடுக்காமல் காயவிட்டாள். ஒரு மணிக்கு ஒருமுறை போய் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. பிரிஸ்கில்லா டிக்கியைத் திறந்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து, கூப்பிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியில் சின்னக்கண்ணுவின் மூட்டை தெரிந்தது. நின்றது. சடாரென்று திரும்பியது. டிக்கியில் தொம்மென்று விழுந்தது. மாதாவே! அடுத்தது செபாஸ்தியம்மாள், அவள் தயங்கக்கூட இல்லை. இருவரும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள்.

பேச்சாயியின் மூட்டையும் வந்தது. வந்து, காரைத் தாண்டிப் போயே போய்விட்டது.

பிரிஸ்கில்லா இருக்கையில் சரிந்தாள். போச்சு. மில் சங்குச் சத்தம் காதில் கேட்பது போலிருந்தது. சின்னக்கண்ணு பேச்சாயியைக் கூப்பிடக் கதவைத் திறந்து இறங்கப் போனாள். வேண்டாமென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பிரிஸ்கில்லா. பேச்சு பேச்சுதான்.

செத்த நேரம் கழித்துக் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. டிக்கியில் ஒன்றல்ல, இரண்டு மூட்டைகள் விழுந்தன. பேச்சாயி, தாடிக்கொம்பிலிருந்து வந்த யாரோ ஒரு புதுப் பூக்காரியைக் கையோடு இழுத்து வந்திருந்தாள்.

"இந்தப் புள்ளையும் எவன் வண்டிலயோ மூட்டையப் போடப் போனா. நீலச் சக்கரம் பாத்து வாடின்னு கூட்டியாந்தேன். பின்னாடி நாலு பேரு ஒடுங்கி ஒக்காந்துக்கிறோம்... இல்ல, நான் முன்னாடி ஒக்காந்துக்கிறேன். வண்டிய எடு!"

முன் இருக்கையில் உட்கார்ந்ததும் பேச்சாயி மடியிலிருந்து ஒரு சரத்தை எடுத்துக் கண்ணாடியில் மாட்டினாள். கருநீலச் சங்குப்பூ. நெருக்கமாக, ஒரு மொக்குக்கூடச் சாயாமல் கட்டியிருந்தாள்.

"எவளும் விக்காத பூவு. எங்க வேலியில தானா மொளைச்சுக் கெடந்துச்சு."

பிரிஸ்கில்லா சரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த குளிர்ச்சி விரலில் பட்டது.

"எப்பக்கா கட்டுனீங்க?"

"நேத்துச் சாயங்காலம்."

"அடப்பாவி அக்கா! அப்ப நேத்தே என் வண்டிலதான் வர்றதுன்னு முடிவு பண்ணிட்டு, காலையில என் உசுர எடுத்தீங்களா?"

"நீ என் மூட்டையத் தலையில தூக்கி வச்சு முட்டிக்கிட்டு நின்ன பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றாள் பேச்சாயி. "ரோட்டப் பாத்து ஓட்டு."