யாரும் காத்திருப்பதில்லை

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவருக்குப் படகுச் சங்கின் ஒரே ஒலி தினமும் இரண்டு தடவை கேட்கும். கடைசிப் படகு எதிர்க்கரையிலிருந்து கிளம்பும் நேரம் அது. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவி, கிடைத்த சின்ன இடைவெளியில் மாடி வராந்தாவுக்கு வந்து போன் செய்வாள். சங்கு முதலில் போனுக்குள் ஊதும். பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போன பிறகு, அதே சங்கு தண்ணீரின் மேல் வந்து சேரும். "ஒரே சங்கை ரெண்டு பேரும் தனித்தனியா கேக்கறோம் பாரு" என்று ஒருநாள் சொன்னார். "டிக்கெட் கிழிக்கிறவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு? குட்டி சாப்பிட்டாளா, அதைச் சொல்லுங்க" என்றாள் அவள்.

குட்டி அவர்கள் மகள். முன்பல் விழுந்த ஓட்டையைப் போன் கேமராவில் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் வயது.

சிக்கல் ரொம்பச் சாதாரணமானது. படகு இரவில் இந்தக் கரையில்தான் தூங்கும். மனைவிக்கு வேலை முடிவதற்குள் கடைசிப் படகு புறப்பட்டுவிடும்; காலையில் முதல் படகு போய்ச் சேர்வதற்குள் அவள் வார்டில் இருந்தாக வேண்டும். சாலை வழியாகச் சுற்றினால் பாதி நாள் போய்விடும். அதனால் வாரம் முழுக்க விடுதியில் ஒரு கட்டில், வாரக் கடைசியில் ஒரு ராத்திரி வீடு. அவர் அந்தப் பக்கம் மாற்றல் கேட்கவும் வழியில்லை. எதிர்க்கரைத் துறை வேறொரு நிர்வாகத்துடையது. அங்கே புதிதாக ஆள் எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

நடு ஆற்றில், பாதியில் விட்ட பாலத்தின் இரண்டு தூண்கள் நின்றன. முந்தைய கடனில் எழும்பியவை. பணம் நின்றபோது அவையும் அதே உயரத்தில் நின்றுவிட்டன. உச்சியில் கம்பிகள் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தன. நீர்க்காகங்கள் அங்கே உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயும். அதெல்லாம் எதுக்குப்பா என்று குட்டி கேட்டபோது, அம்மா வர்றதுக்கு என்று சொல்லிவைத்திருந்தார்.

அந்தத் தூண்களை நம்பித்தான், போன வருஷம் ஆஸ்பத்திரியில் குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ் கொடுக்க முன்வந்தபோது, வேண்டாம் என்று மனைவியை எழுதிக் கொடுக்கச் செய்தார். குட்டியும் அங்கே போய்விட்டால் இங்கே தனக்கு என்ன மிச்சம் என்ற பயமும் இருந்தது. அதை அவர் வெளியே விடவில்லை. பாலம் வந்தால் நீயே தினமும் வீட்டுக்கு வந்துவிடுவாய், கொஞ்சம் பொறு என்று மட்டும் சொன்னார். அவளும் பொறுத்தாள்.

அப்படியிருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து துறை மேனேஜருக்குத் தகவல் வந்தது. பாலத்துக்குக் கடன் தருவதைப் பற்றி ஒரு வெளிநாட்டு வங்கி மறுபடி யோசிக்கிறது. அவர்களுடைய ஆட்கள் துறையைப் பார்வையிட வருகிறார்கள். பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால் அங்கே செய்வது ஒன்றுதான். சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார் மேனேஜர்.

டிக்கெட்காரர் அதோடு நிறுத்தவில்லை. கடன் கொடுப்பவர்கள் ஒழுங்கான இடத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவரே ஒருமுறை சொந்தக் கடன் கேட்கப் போனபோது இரவல் சட்டை போட்டுக்கொண்டுதான் போனார், கடனும் கிடைத்தது. எனவே வழக்கமான காலைக் கூட்டத்தைக் கலைக்கும் வேலையில் இறங்கினார். காய்கறிக் கூடைக்காரர்களை விடியும் முன்பே மீன்பிடிப் படகுகளில் போய்விடச் சொன்னார். தையல் ஆலைக்குப் போகும் பெண்களை ஆற்று வளைவுக்குப் போய் அங்கிருந்து அதே படகுகளில் ஏறச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம், உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் மறுநாள் போகலாமே என்று கெஞ்சினார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பாலம் வேண்டியிருந்தது.

படகுக்கு வடம் கட்டுகிறவனுக்கு விசில் என்று பெயர். சாப்பிடும்போது மட்டும்தான் அது அவன் வாயிலிருந்து இறங்கும். பாலம் வந்துவிட்டால் தன் பிழைப்பு என்னாவது என்று கேட்டான். "பாலத்து நடுவுல நின்னு ஊது, லாரியெல்லாம் நிக்கும்" என்றார் டிக்கெட்காரர். "நிக்காம ஏத்திட்டுப் போனா?" "அப்பவாவது ஊதறதை நிறுத்துவியே."

வந்தவர்கள் மூன்று பேர். தலைவி ஒரு இளம்பெண். தலையில் தொப்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு எண்ணும் கருவி. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். படகு வந்தது. சலவைச் சட்டை போட்ட சிலர் வரிசையாக ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் கருவி ஒருமுறை டிக் என்றது. பாதி இருக்கைகள் காலியாகவே படகு போயிற்று. அடுத்ததும் அப்படியே. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு அமைதியாகத் தன் துறையை டிக்கெட்காரரும் பார்த்ததில்லை.

மதியத்துக்கு முன் அந்தப் பெண் கவுண்டருக்கு வந்தாள். சில கேள்விகள் இருக்கின்றன, நேரமிருக்குமா என்று மரியாதையாகக் கேட்டாள்.

"பொதுவா ஜனங்க இங்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கு சார்?"

மேனேஜர் பக்கத்தில் நின்றார். டிக்கெட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காத்திருக்கறதா? இங்க யாரும் காத்திருக்கறதே இல்லை மேடம். வருவாங்க, ஏறுவாங்க, போயிட்டே இருப்பாங்க."

"ராத்திரியில தாண்ட முடியாம யாராவது கஷ்டப்படறாங்களா?"

"எங்க காதுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை மேடம்."

அவள் எழுதிக்கொண்டாள். கொடுத்த டீயை நின்றபடியே குடித்தாள். கிளம்பும்போது, உண்மையான பாராட்டாகத்தான் அதைச் சொன்னாள்: மற்ற துறைகளில் எல்லாம் கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கிறார்கள், ஒரு படகைப் பிடிக்க மூன்று படகை விடுகிறார்கள். இங்கே நன்றாக நடத்துகிறீர்கள். எந்த ஆற்றுக்கு முதலில் பாலம் என்பதை, கடக்கிறவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் காத்திருக்கிற நேரத்தையும் வைத்துத்தான் வங்கி முடிவு செய்யும். இந்த ஊருக்கு அவசரமில்லை என்பது சந்தோஷமான விஷயம்.

அவருக்கு அது உறைப்பதற்குள் அவள் வண்டி வரை போய்விட்டாள். கவுண்டரைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார்.

"மேடம், இன்னிக்கு நீங்க பார்த்தது நிஜமில்லை. நாங்கதான் எல்லாரையும் ஒதுங்கச் சொன்னோம். நாளைக்கு ஒரு தடவை வாங்க. கால் வைக்க இடம் இருக்காது."

அவள் தொப்பியைக் கழற்றினாள். கோபப்படவில்லை, களைத்துத் தெரிந்தாள். நாளைக்கு வேறொரு ஆறு, அதற்கடுத்த நாள் இன்னொன்று என்றாள். பார்க்காத கூட்டத்தை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது என்றாள்.

"என் சம்சாரமே அந்தப் பக்கம்தான் இருக்கா மேடம். ராத்திரி வர முடியாது. ஒரு பொண்ணு இருக்கா எங்களுக்கு."

"அதைத்தானே சார் கேட்டேன்?"

கேட்டிருந்தாள். சில சமயம் மக்கள் காத்திருக்க நேர்வதாகக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கிறேன் என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே எழுதிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் கூடைகளும் சைக்கிள்களும் ஆலைப் பெண்களும் சேர்ந்து துறை பிதுங்கியது. விசில் ஊதி ஊதிக் களைத்தான். எண்ணத்தான் யாரும் இல்லை.

வாரக் கடைசியில் மனைவி வந்தாள். சீருடையைத் துவைத்து முற்றத்தில் காயப்போட்டுவிட்டு, குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முதலில் அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் சீப்பு நின்றது.

"எங்கயாவது போனா, சாப்பிடறீங்களான்னு கேப்பாங்க. வயிறு ஒட்டிப் போயிருந்தாலும் இப்பதான் சாப்பிட்டேன்னு சொல்லுவோம். நீங்க ஊரையே அப்படிச் சொல்ல வெச்சுட்டீங்களே."

அவர் தரையைப் பார்த்தார்.

"குவார்ட்டர்ஸ் மறுபடி தர்றாங்க. இந்தத் தடவை நான் வேண்டாம்னு எழுதலை."

"குட்டி?"

"என்கூடத்தான். பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு." சீப்பு மறுபடி ஓடியது. "ஒரு நாளைக்காக வாரமெல்லாம் ஏங்கிட்டேங்க. இனிமே கொஞ்ச நாள் நீங்க ஏங்குங்க."

கடுமையாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்திருப்பாள். கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் கம்மிவிட்டது. அவ்வளவு நாளும் தன் பங்கு ஏக்கம் மட்டும்தான் பெரிது என்று அவர் நினைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், குட்டியின் புத்தகப் பை எங்கே இருக்கிறது என்று தேடப் போனார்.

மழைக்காலம் கழிந்து வங்கியின் முடிவு வந்தது. பாலம் வேறொரு ஆற்றுக்குப் போயிற்று. ஆனால் குறிப்பில் இருந்த அந்த ஒரு வரி வீண்போகவில்லை. அதை மதித்து, இந்தத் துறைக்கு ஒரு காத்திருப்போர் கூடம் கட்டப் பணம் அனுப்பினார்கள். ஸ்டீல் நாற்காலிகள், இரண்டு மின்விசிறி, வாசலில் வங்கியின் பெயர் பொறித்த ஒரு பளிங்குக் கல். மத்தியானத்தில் விசில் அங்கேதான் தூங்குகிறான். கூட்ட நேரத்தில் அங்கே உட்கார்ந்தால் படகில் இடம் போய்விடும் என்று மற்ற யாரும் உட்காருவதில்லை.

இப்போது வாரம் ஒருநாள், தன் விடுமுறையன்று, டிக்கெட்காரர் அந்தப் பக்கம் போகிறார். துறையில் வேலை செய்பவர்களுக்குப் பயணம் இலவசம், டிக்கெட் கிடையாது. முதல் தடவை அவர் தன் கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்று கையை நீட்டியபோது, உள்ளே உட்கார்ந்திருந்த மேனேஜர் விழித்தார்.

"உனக்கு எதுக்குய்யா டிக்கெட்? போய் ஏறு."

"குடுங்க சார். டிக்கெட் எடுத்தாத்தான் நான் கணக்குல வருவேன்."

மேனேஜர் கிழித்துக் கொடுத்தார்.

அவர் கூடத்துக்குள் போகவில்லை. கூடைகளுக்கு நடுவே, தண்ணீர் ஓரமாக, வெயிலில் நின்றார். அக்கரையில் படகு இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. தூண்களில் நீர்க்காகங்கள் காய்ந்தன. குட்டிக்குப் போன் போட்டார். அவளும் அம்மாவும் துறைக்கே வந்து நிற்கிறார்களாம்; புதுப் பல் பாதி முளைத்துவிட்டதாம். பேச்சின் நடுவே அவள் குரலுக்குப் பின்னால் சங்கு ஊதியது.

"அப்பா, படகு கிளம்பிடுச்சு. கேட்டுச்சா?"

"இரு" என்றார். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அதே சங்கு ஆற்றைத் தாண்டி வந்து சேரும்வரை பேசாமல் நின்றார்.