எம்டனை மூழ்கடித்தது யார்?

என் வீட்டுக்காரர் சிட்டி பஸ் கண்டக்டர். கடலைப் பார்த்தது வாழ்க்கையிலேயே ஒரே தடவை, மெட்ராஸ் போனபோது மெரினாவில். தூரத்தில் புள்ளி மாதிரி ஏதோ நின்றது. அது போர்க்கப்பலா சரக்குக் கப்பலா என்று தெரிந்துகொள்ள, என்னையும் சேர்த்து ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார். அது என்ன கப்பல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த மனுஷனுக்குப் போர்க்கப்பல் பைத்தியம். அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுவார். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு இரண்டே அறை. கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்க இடமில்லை, அத்தனையும் கப்பல். இருபத்திரண்டு வருஷமாக வாயைத் திறந்தால் பீரங்கி, டார்ப்பிடோ. கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

அதிலும் எம்டன் பேச்சை எடுத்தால் போச்சு. முதல் உலகப்போரில் மெட்ராஸ் மேல் குண்டு போட்டதே, அந்த ஜெர்மன் கப்பல்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை மூழ்கடித்தது என்று யாராவது சொன்னால் இவருக்கு மூக்கு சிவந்துவிடும். சிட்னி அடித்தது நிஜம், ஆனால் எம்டன் மூழ்கவே இல்லை, மிச்சமிருந்த ஆட்களாவது பிழைக்கட்டும் என்று அதன் கேப்டனே ஒரு தீவின் பவளப்பாறையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார் என்பார். என் தம்பி சீனு தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார்ந்தபடி, சிட்னிதான் மூழ்கடித்தது என்று சொல்லித் தொலைத்தான். இவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின கப்பலுக்காக என் பிறந்த வீட்டோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இப்படி இருக்கையில்தான் 2003 பொங்கலுக்கு எங்கள் பகுதி சங்கத்தில் தம்பதிகளுக்கு வினாடி வினா வைத்தார்கள். முதல் பரிசு விசாகப்பட்டினத்துக்கு இரண்டு ரயில் டிக்கெட், இரண்டு நாள் தங்கல். அங்கே கடற்கரையில் நிஜமான நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கரையேற்றி, ஜனங்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்த அன்றே இவர் ஒரு தாளில் கேள்விகள் எழுத ஆரம்பித்துவிட்டார். கப்பலைச் சுற்றிக் காட்டுகிற நேவி ஆளிடம் கேட்பதற்காம். போட்டிக்கே இன்னும் பேர் கொடுக்கவில்லை. அப்புறம் நான்தான் போய்ப் பேர் கொடுத்தேன்.

போட்டி நடத்தியவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் யூஜின். கடைசி வரை தாக்குப்பிடித்தது இரண்டு ஜோடி. நாங்களும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ராஜேஷ்குமாரும் அவர் மனைவி அனுஷாவும். கடைசிச் சுற்றில் மனைவிக்குப் பிடித்த விஷயத்தில் கணவனைக் கேட்பார்கள், கணவனுக்குப் பிடித்ததில் மனைவியை. மற்றவர் தள்ளி நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. நான் சமையல் என்று எழுதியிருந்தேன், இவர் போர்க்கப்பல் என்று. பிசிபேளாபாத்துக்கு எந்தப் பருப்பு என்று கேட்டார்கள். அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத மனுஷன், துவரம்பருப்பு என்று சரியாகச் சொன்னார். எனக்கே ஆச்சரியம்.

அந்த ஜோடி எங்களைவிட ஒரு மார்க் கீழே முடித்திருந்தது. ஆனால் இந்தச் சுற்றில் தப்பாகச் சொன்னால் இரண்டு மார்க் போய்விடும். யூஜின் என்னைப் பார்த்து, எம்டன் கப்பலை மூழ்கடித்தது எந்தக் கப்பல் என்று கேட்டார்.

 யூஜின் கையிலிருக்கும் அட்டையில் சிட்னி என்றுதான் இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. மூன்று எழுத்தைச் சொன்னால் விசாகப்பட்டினம். இவரைப் பார்த்தேன். சுவரோரமாக, கேள்வித்தாள் வைத்திருந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு, என்னையே பார்த்தபடி நின்றார். என் தம்பி வீட்டுப் பந்திதான் ஞாபகத்துக்கு வந்தது. ஊரே திரண்டிருக்கும் இடத்தில், கட்டிய பெண்டாட்டியே சிட்னி என்றால் இந்த மனுஷன் தாங்குவாரா?

"யாரும் மூழ்கடிக்கலை. கேப்டனே பாறை மேல ஏத்திட்டாரு" என்றேன்.

யூஜின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு என்றார். நான் விடவில்லை, சண்டை போட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள். அட்டையில் இருப்பதைத்தான் தன்னால் பார்க்க முடியும் என்று அவர் கையை விரித்தார். அனுஷா என் கையைப் பிடித்து, "சாரி ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு டிக்கெட், எங்களுக்கு இரண்டாம் பரிசு பிரஷர் குக்கர்.

பஸ் ஸ்டாப்வரை இவர் குக்கர் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு வார்த்தை மெச்சுவார் என்று பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக இவர் கட்சியில் நின்று தோற்றிருக்கிறேன், இல்லையா?

ஸ்டாப்பில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சிட்னின்னு சொல்லியிருக்கலாமே, பாஞ்சாலி."

அவர் பக்கம் திரும்பினேன்.

"இன்னாய்யா சொல்ற? நீ சொல்லியிருப்பியா?"

"நான் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. நீ சொல்லியிருக்கலாம் இல்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இலையை மூடியதைச் சொன்னேன், வெயிலில் நிற்க வைத்ததைச் சொன்னேன், பெட்டி வைக்க இடமில்லாததைச் சொன்னேன். ஸ்டாப்பில் நின்றவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள். இவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கிழிக்கப் போனார். பிடுங்கினேன்.

முப்பத்தெட்டு கேள்வி. உள்ளே காற்று எத்தனை நாளைக்கு வரும், டார்ப்பிடோவுக்குப் பக்கத்திலேயே எப்படிப் படுத்துத் தூங்கினார்கள், இப்படியே போனது. கடைசியில், வேறு நாள் எழுதியது போல, பச்சை மையில் ஒன்று இருந்தது:

"38. ஏணி செங்குத்தாக இருக்குமா? கூட வருபவருக்கு முட்டி வலி, புடவை கட்டியிருப்பார். அவர் இறங்க வேறு வழி உண்டா?"

பஸ் வந்தது. தாளை மடித்து அவர் பையிலேயே வைத்துவிட்டு, குக்கர் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.